கரண்ட் திரும்பியதும் சேர்வர் தானாக எழும்ப பயோஸில் என்ன செய்ய வேண்டும்?

2025 பெப்ரவரி 9, நாடு முழுக்க கரண்ட் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்படியான நாளில் கொழும்பில் பூட்டிக் கிடக்கும் அலுவலகத்துக்குப் போய் சேர்வரை ஓன் பண்ண ஆள் இருக்காது. அந்த வேலையைச் செய்ய பயோஸில் (சேர்வர் எழும்பும்போது ஓஎஸ்ஸுக்கு முன் ஓடும் அடிப்படை மென்பொருளில்) ஒரு வரி இருக்கிறது. சேர்வர் வந்த நாளிலேயே அதைப் பார்த்துவிடுங்கள்.

ரீஸ்டார்ட் செய்து, லோகோ தெரியும்போது டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்9, சூப்பர்மைக்ரோவில் டிலீட் விசையை அழுத்துங்கள். எதையும் மாற்றுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

டெல்லில் அந்த வரியின் பெயர் 'ஏசி பவர் ரிகவரி'. சூப்பர்மைக்ரோவில் 'ரீஸ்டோர் ஓன் ஏசி பவர் லொஸ்'. ஓன், ஓஃப், லாஸ்ட் (கரண்ட் போகுமுன் இருந்த நிலை) என மூன்று தெரிவுகள். லாஸ்ட் நல்லதுபோலத் தெரியும். கரண்ட் போனதும் பற்றரியில் மின்சாரம் கொடுக்கும் யூபிஎஸ் இருக்கும் இடத்தில் அதுதான் கவிழ்க்கும். பற்றரி இறங்கும்போது யூபிஎஸ் மென்பொருள் சேர்வரை ஒழுங்காக ஷட்டவுன் செய்கிறது. அப்போது கடைசி நிலை 'ஓஃப்' என்றே பதிவாகும். கரண்ட் வந்தாலும் சேர்வர் எழும்பாது. ஆகவே 'ஓன்' வையுங்கள். தாமத நேரம் கேட்டால் 180 செக்கன் கொடுத்துப் பாருங்கள்: நெட்வேர்க் சுவிட்சும் ஸ்டோரேஜும் சேர்வருக்கு முன்பே எழும்பியிருக்க வேண்டும்.

இன்னொரு பொறியும் உண்டு. ஷட்டவுன் முடிந்து, யூபிஎஸ் பற்றரி முற்றாக இறங்குமுன் கரண்ட் வந்துவிட்டால், சேர்வருக்கு மின்சாரம் அறுபடவே இல்லை. அறுபடாததால் 'ஓன்' வேலை செய்யாது. ஷட்டவுனுக்குப் பின் யூபிஎஸ் தன் வெளியீட்டையும் துண்டித்து, கரண்ட் வந்தபின் திரும்பக் கொடுக்கும்படி அதன் மென்பொருளில் அமையுங்கள்.

வேர்ச்சுவல் மெஷின் (ஒரே சேர்வருக்குள் மென்பொருளாக ஓடும் தனிக் கணினி) ஓட்டுவதென்றால் அதற்கான புரொசசர் வசதி பயோஸில் இயங்கவேண்டும்: இன்டெலில் விடி-எக்ஸ், ஏஎம்டியில் எஸ்விஎம். ஏற்கெனவே ஓடும் சேர்வரில் பூட் முறையை யூஈஎஃப்ஐயிலிருந்து லெகசிக்கோ, டிஸ்க் முறையை ஏஎச்சிஐயிலிருந்து ரெயிட்டுக்கோ மாற்றாதீர்கள். ஓஎஸ் பூட் ஆகாமல் நிற்கும். கரண்ட் போய் வரும்போதெல்லாம் திகதி பின்னால் போனால் போர்டிலுள்ள 3 வோல்ட் சிஆர்2032 பற்றரியை மாற்றுங்கள்.

சேமித்து வெளியேறியபின் சோதனை. ஓஎஸ்ஸிலிருந்து ஷட்டவுன் செய்து, பவர் சப்ளை இரண்டிருந்தால் இரண்டு வயரையும் கழற்றி, ஒரு நிமிடம் விட்டுத் திரும்பக் குத்துங்கள். பட்டனைத் தொடாமல் சேர்வர் எழும்ப வேண்டும்.