ஸயான் ஆற்றோரச் சாலை: காரில் போகலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் ஸயான் தேசியப் பூங்காவுக்குள், வர்ஜின் ஆற்றை ஒட்டியே ஒரு சாலை போகிறது. நீளம் ஏறக்குறைய 10 கி.மீ. இருபுறமும் செம்பாறைச் சுவர்கள். படத்தைப் பார்த்ததும் வாடகைக் கார் எடுத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுப் போகத்தான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் வசந்தம் தொடங்கி இலையுதிர்காலம் முடியும்வரை அங்கே சொந்தக் காருக்கும் வாடகைக் காருக்கும் இடமில்லை. உள்ளே உள்ள விடுதியில் அறை எடுத்தவர்களுக்கு மட்டும் விலக்கு. நெரிசல் தாங்காமல் 2000-லேயே பூங்காப் பேருந்துகளைக் கொண்டுவந்துவிட்டார்கள். அவற்றுக்கு டிக்கெட் வேண்டாம். பூங்கா நுழைவுக் கட்டணம் மட்டும் தனி. "பேருந்தா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். வளைவுச் சாலையில் ஓட்டுபவருக்கு மலையைப் பார்க்க ஏது நேரம்?

அடுத்த தவறு, தாமதமாகப் போவது. நுழைவாயில் வாகன நிறுத்தம் காலையிலேயே நிரம்பிவிடும். பக்கத்து ஊரான ஸ்பிரிங்டேலில் காரை விட்டுவிட்டு, அங்கிருந்து பேருந்தில் வருவது நிம்மதி.

சைக்கிளில் போகலாம், அருமையாக இருக்கும். ஆனால் ஓடுகிற சைக்கிளைப் பேருந்து முந்தாது. பின்னால் பேருந்து வந்தால் நீங்கள்தான் ஓரங்கட்டி நிற்க வேண்டும். இதைத் தெரியாமல் மிதித்துக்கொண்டே போகிறவர்களுக்குப் பின்னால் ஒரு பேருந்துக் கூட்டமே காத்திருக்கும்.

ஆற்று விஷயம்தான் உண்மையில் ஆபத்தானது. சாலை முடியும் இடத்திலிருந்து ஆற்றோரமாக 1.6 கி.மீ. நடந்தால், 'நேரோஸ்' என்ற குறுகலான பள்ளத்தாக்கு. அங்கே ஆற்றுக்குள் இறங்கித்தான் நடக்க வேண்டும். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கிறதே என்று இறங்குவது பெரிய தவறு. மேட்டு நிலத்தில் எங்கோ தூரத்தில் பெய்த மழை, வெறும் பாறை மேல் வழிந்து திடீர் வெள்ளமாக வந்துவிடும். இருபுறமும் செங்குத்துச் சுவர், பல இடங்களில் ஏறித் தப்ப வழி கிடையாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை பருவமழைக் காலம் என்பதால் அன்றைய வெள்ள எச்சரிக்கையைப் பார்க்காமல் இறங்கவே கூடாது. இன்னொன்று: 2020-இலிருந்து இந்த ஆற்றில் நச்சுப் பாசி காணப்படுகிறது. சாதாரண வடிகட்டியால் அந்த நச்சு போகாது. எனவே ஆற்று நீரைக் குடிக்கவோ, அதில் தலையை முக்கவோ வேண்டாம். குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள்.

நாயைக் கூட்டிப்போகிறவர்களும் ஏமாறுவார்கள். பேருந்தில் நாய்க்கு அனுமதி இல்லை. பாரஸ் என்ற நடைபாதையில் மட்டும் கூட்டிப்போகலாம்.

கடைசியாக, இறங்கியதும் திரும்பிவரும் கடைசிப் பேருந்தின் நேரத்தைப் பாருங்கள். பருவத்துக்குப் பருவம் அது மாறும். தவறவிட்டால் நுழைவாயில் வரை இருட்டில் நடைதான். உள்ளே பெரும்பாலான இடங்களில் போனில் சிக்னலும் கிடைக்காது.