பழைய போலீஸ் ரிவால்வருக்குப் புதுமெருகு வேண்டுமா? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

குமரி மாவட்டத்தில் தந்தையிடமிருந்தோ பெரியப்பாவிடமிருந்தோ உரிமத்தோடு கைமாறி வந்த பழைய ரிவால்வரை வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. தேர்தல் அறிவிப்பு வந்ததும் அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, எல்லாம் முடிந்தபின் திரும்பப் பெறும்போதுதான் பலரும் அதன் மேனியை நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பார்க்கிறார்கள். குழல் முனையில் நீலம், அதாவது துருவைத் தடுக்க இரும்பின் மேல் ஏற்றிய கருநீலப் பூச்சு, தேய்ந்து இரும்பு வெளுத்திருக்கும், சிலிண்டரின் விளிம்புகள் பளபளக்கும், பிடியின் பின்புறம் பழுப்பேறியிருக்கும். பார்த்தவுடன் யாராவது ஒருவர், "மெருகு போட்டால் புதிது போல ஆகிவிடும்" என்பார். அந்தச் சொல்லுக்கு உடனே தலையாட்டிவிடக் கூடாது என்பதையும், எப்போது தலையாட்டலாம் என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

எதற்கும் முன்னால் சிலிண்டரைத் திறந்து, தோட்டா நிற்கும் ஒவ்வொரு துளையையும் கண்ணால் மட்டுமல்லாமல் விரலாலும் தொட்டு, தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். பிறகு உரிமப் புத்தகத்தை எடுத்து, அதில் எழுதியுள்ள தயாரிப்பு, குழலின் விட்டம் (கேலிபர்), எண் ஆகிய மூன்றும் ஆயுதத்தில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். உரிமம் இன்னும் காலஞ்சென்ற பெரியவர் பெயரிலேயே இருந்தால், மெருகைப் பற்றிய யோசனையை ஒதுக்கி வைத்துவிட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் செல்வதே முதல் வேலை.

அடுத்து, கையில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். போலீஸ் ரிவால்வர் என்று நாம் சொல்வதில் பல வகைகள் அடங்கும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் மிலிட்டரி அண்ட் போலீஸ் 1899இல் வந்தது; அதுவே பின்னாளில் மாடல் 10 என்று பெயர் பெற்றது. கோல்ட் நிறுவனம் 1927இல் அஃபீஷியல் போலீஸ் என்ற பெயரில் ஒன்றை வெளியிட்டது. அதற்கும் முந்திய போலீஸ் பாசிட்டிவ், சுத்தியல் தவறி விழுந்தாலும் தோட்டா வெடிக்காதபடி தடுக்கும் பாசிட்டிவ் லாக் என்ற அமைப்பால் அந்தப் பெயரைப் பெற்றது. நடுவில் முறித்துத் திறக்கும் வெப்ளி ரிவால்வர்கள் நம் நாட்டுக் காவல் துறையினருக்கு நெடுநாள் பழக்கமானவை. இவற்றில் .32 விட்டத்தில் வந்தவையே பெரும்பாலும் தனியார் உரிமங்களில் இருக்கின்றன.

இனி தேய்மானத்தைப் படிக்க வேண்டும். படிக்க வேண்டும் என்றே சொல்கிறேன், ஏனென்றால் ஒரு ரிவால்வரின் தேய்மானம் அது வாழ்ந்த விதத்தைச் சொல்கிறது. குழல் முனையின் இரு பக்கமும் சிலிண்டரின் முன்விளிம்பும் சமமாக வெளுத்திருந்தால், அது தோலுறையில் ஆண்டுக்கணக்கில் போய்வந்த தேய்மானம். பிடியின் பின்பட்டையில் நீலம் முழுவதும் போயிருந்தால், அங்கே ஒருவரின் உள்ளங்கை வியர்வை பல கோடைகளுக்குப் பட்டிருக்கிறது. சிலிண்டரைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடினால், சிலிண்டரை நிறுத்திப் பிடிக்கும் பூட்டுமுனை உரசிய தடம் அது; பழைய ரிவால்வர்கள் பலவற்றில் காணப்படுவது, குறையாகாது. இவை எல்லாம் நேர்மையான தேய்மானம். சேகரிப்பாளர்களின் கண்ணுக்கு இத்தகைய மேனி புதுநீலம் பூசிய மேனியைவிட மதிப்புள்ளது. ஒருமுறை தேய்த்து எடுத்துவிட்டால் எந்தப் பட்டறையாலும் அதைத் திருப்பித் தர முடியாது.

துரு இதற்கு முற்றிலும் வேறானது. நம் மாவட்டத்தில் இந்த இரண்டையும் பிரித்தறிவதே தீர்மானத்தின் பாதி. ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் என இரு பருவமழைகளும் இங்கே பெய்கின்றன; குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று அலமாரிக்குள்ளும் புகுகிறது. உப்பு கலந்த துரு இரும்பின் மேல் படிந்து நின்றுவிடுவதில்லை. காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு உள்நோக்கித் தின்னும். வெளுத்த இடத்தை விரலால் தடவினால் வழுவழுப்பாக இருக்க வேண்டும். ஆரஞ்சு நிறத் தூள் விரலில் ஒட்டினால் துரு உயிரோடு இருக்கிறது. கரும்பழுப்பாக, இறுகி, தூள் உதிராமல் இருந்தால் அது அடங்கிய துரு. அதைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை. நகம் சிக்கும் அளவுக்குக் குழிகள் இருந்தால் பள்ளம் விழுந்துவிட்டது என்று பொருள்.

உயிருள்ள துருவுக்கும் மெருகு மருந்தல்ல. மண்ணெண்ணெயிலோ மெல்லிய கனிம எண்ணெயிலோ நனைத்த துணியால் அந்த இடத்தை மூடி ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் மிக நுண்ணிய இரும்புப் பஞ்சை, நான்கு சுழி (0000) தரத்தில் விற்பது, எண்ணெயோடு சேர்த்து அழுத்தாமல் வட்டமாகத் தேய்த்தால் செந்துரு மட்டும் கழன்றுவரும், அடியில் உள்ள நீலம் தங்கும். உப்புத்தாளை அருகிலேயே கொண்டுவராதீர்கள். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். நம் வீடுகளில் கதவுக் கீல் முதல் அரிவாள் வரை எல்லாவற்றுக்கும் அதைத்தான் தடவுகிறோம் என்றாலும், நாளடைவில் அது கெட்டுப்போய் அமிலமேறும், அந்த அமிலம் இரும்புக்கு ஆகாது. தையல் மெஷினுக்கு விடும் மெல்லிய எண்ணெய் அதைவிட எவ்வளவோ மேல். இந்த ஒரு சுத்தத்துக்குப் பின் ஒரு மாதம் காத்திருந்து பாருங்கள். மெருகு வேண்டும் என்று நினைத்தவர்களில் பலருக்கு அந்த எண்ணமே போய்விடும்.

இப்போது எழுத்துகளுக்கு வருகிறேன். என் கருத்தில் முடிவைத் தீர்மானிப்பவை இவையே. குழலில் மாதிரியின் பெயர், சட்டகத்தில் நிறுவன முத்திரை, சிலிண்டர் தாங்கியின் உட்புறத்திலோ பிடியின் அடியிலோ வரிசை எண், பிரிட்டிஷ் ஆயுதமானால் கிரீடத்தின் கீழ் பி.வி., என்.பி. போன்ற பர்மிங்ஹாம் சோதனை முத்திரைகள், சிலவற்றில் ஏதோ ஒரு காவல் படையின் பெயர்ச்சுருக்கம் ஆகியவற்றைக் காணலாம். ராயல் ஹாங்காங் போலீஸ் என்பதன் முதலெழுத்துகள் பொறித்த கோல்ட்டுகள் இன்றும் உலகில் சுற்றுகின்றன. அந்த எழுத்துகளே அவற்றின் வரலாறு. புதுநீலம் பூசுவதற்கு முன் பழைய மேற்பரப்பைப் பஃபிங் சக்கரத்தில் தேய்த்தாக வேண்டும். அந்தச் சக்கரம் கூர்விளிம்புகளை மழுக்கும், திருகுத் துளைகளைக் கிண்ணம் போலக் குழியாக்கும், ஆழமற்ற எழுத்துகளை அழித்துவிடும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ அடையாளக் குறியையோ அழிப்பதையும் மாற்றுவதையும் தடை செய்கிறது. மெருகுக்காகத் தேய்த்தேன் என்ற விளக்கம் எண் மங்கிய ரிவால்வரைக் கையில் வைத்திருப்பவரைக் காப்பாற்றும் என்று நம்பி இறங்கக் கூடாது.

என் உறவினர் ஒருவருக்கு நேர்ந்தது இதுதான். அவர் தம் .32 போலீஸ் பாசிட்டிவை முலாம் பூசும் பட்டறை ஒன்றில் கொடுத்தார். நல்ல கைத்திறன் உள்ளவர்கள்தாம், ஆனால் ஆயுதம் அவர்கள் தொழில் அல்ல, அதற்கான உரிமமும் அவர்களிடம் இல்லை. கண்ணாடி போல நிக்கல் மின்னத் திரும்பி வந்த ரிவால்வரில் கோல்ட் நிறுவனத்தின் குதிரை முத்திரை ஒரு கறைபோலத் தெரிந்தது. உரிமப் புதுப்பிப்பின்போது எண்ணைப் படிக்கப் பூதக்கண்ணாடி தேவைப்பட்டது. அவர் முகம் அன்று வாடியதை நான் மறக்கவில்லை. துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே உரிமம் வேண்டும் என்று அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்வதை அறிந்திருந்தால் அவர் அங்கே போயிருக்கவே மாட்டார்.

அப்படியானால் எப்போதுதான் புதுப்பிக்கலாம்? இதற்கு முன்பே யாரோ ஒருமுறை மோசமாக மெருகிட்டு எழுத்துகளை மழுக்கிவிட்டிருந்தால், இழக்க மூலப்பூச்சு இல்லை. கடல்நீரிலோ வெள்ளத்திலோ கிடந்து மேனி முழுவதும் உயிருள்ள துருவேறி, எண்ணெய்ச் சுத்தத்துக்கும் அடங்காமல் போனால், ஆயுதத்தைக் காப்பதற்காகவே பூச்சு தேவைப்படலாம். நிக்கல் முலாம் செதிலாக உரிந்து அடியில் துரு ஓடினாலும் அப்படியே. இவற்றில் எதுவும் இல்லாமல், அழகுக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பதே என் பதில்.

புதுப்பிக்கத்தான் வேண்டும் என்று முடிவானால், உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பாளரிடம் மட்டும், ரசீதோடு கொடுங்கள். கொடுக்கும் முன் எல்லா எழுத்துகளையும் சாய்ந்த வெளிச்சத்தில் புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துள்ள இடங்களில் சக்கரம் படக்கூடாது, கையால் மட்டுமே தேய்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அமெரிக்க ரிவால்வர்களின் நீலம் உலைச் சூட்டில் உண்டானது. இன்றைய நீலமோ காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து ஏறக்குறைய 140 பாகை செல்சியஸில் கொதிக்கும் தொட்டியில் உண்டாவது. ஆகவே பழைய நிறம் அப்படியே திரும்பாது என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த உப்பு இடுக்குகளில் தங்கினால் மாதங்கள் கழித்துத் துருவாக வெளிவரும். கொதிநீரில் அலசி முடித்தார்களா என்று கேளுங்கள். சுத்தியலிலும் விசையிலும் கடினமாக்கலின்போது உண்டான வண்ணப்படலம் இருந்தால் அவற்றைத் தொடவே விடாதீர்கள்.

எந்த முடிவெடுத்தாலும் தோலுறையில் வைத்துப் பூட்டாதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பையும் அமிலத்தையும் இரும்பின் மேல் கசியவிடும். நான் பார்த்த துருவில் பெரும்பகுதி உறையின் வடிவத்திலேயே இருந்தது. எண்ணெய் தடவிய பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இரும்புப் பெட்டியில் வைத்து, ஆனி பிறக்கும் முன் ஒருமுறையும் ஐப்பசிக்கு முன் ஒருமுறையும் எடுத்துத் துடையுங்கள். தொட்டவுடன் விரல்தடங்களைத் துடைத்துவிட்டுத்தான் திருப்பி வைக்க வேண்டும். பெரியப்பாவின் ரிவால்வரை நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். அவர் பெருவிரல் பட்டுத் தேய்ந்த இடம் இன்னும் வெளுப்பாகவே இருக்கிறது.