கல்யாண மேளமும் ரிசப்ஷன் கச்சேரியும்: எதை, எப்போது, எவ்வளவு

மண்டபம் பதிவு செய்த கையோடு மேளத்துக்கும் சொல்லிவிடுங்கள். முகூர்த்த நாள் ஊருக்கெல்லாம் ஒன்றுதான். நல்ல செட்டுகள் முதலில் போய்விடும். "ஒரு செட் மேளம்" என்று மொட்டையாகப் பேசவேண்டாம். இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி இருந்தால்தான் முழு செட். ஒற்றை நாதஸ்வரம் என்றால் அவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் தவில் மட்டுமே கேட்கும். இரண்டு மணி நேரச் சடங்குக்கு அது போதாது. பேசிய வித்வானே வருவாரா, ஆளனுப்புவாரா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அடுத்து, சடங்கு நடத்தி வைக்கும் வாத்தியாரிடம் உட்கார்ந்து வரிசையை நேரத்தோடு எழுதி வாங்குங்கள். குடும்பத்துக்குக் குடும்பம் இது மாறும் என்பதால் மேளக்காரரின் ஊகத்துக்கு விடக்கூடாது. அந்தத் தாளில் ஒவ்வொரு சடங்குக்கும் எதிரே "வாசிக்க", "மெதுவாக", "நிறுத்த" என்று மூன்றில் ஒன்றைக் குறித்தாலே பாதி வேலை முடிந்தது. கன்னிகாதான மந்திரம் சொல்லும்போது தவில் வெளுத்து வாங்கினால் வாத்தியார் மைக்கை நெருங்குவார், மேளம் இன்னும் ஏறும், கடைசியில் இரண்டுமே விளங்காது.

ராகத்தைப் பெரும்பாலும் வித்வானிடமே விட்டுவிடலாம். நாட்டையிலோ ஹம்சத்வனியிலோ தொடங்கி, காலை முகூர்த்தம் என்றால் பிலஹரி, கேதாரம், மலயமாருதம் என்று அவரே போய்விடுவார். ஊஞ்சலுக்கு ஆனந்தபைரவி, முடிவில் மத்யமாவதி. முகாரியைத் தவிர்ப்பது வழக்கம். மல்லாரி கேட்காதீர்கள், அது சுவாமி புறப்பாட்டுக்கு உரியது, மரபு பார்க்கும் வித்வான் முகம் சுளிப்பார். சினிமா மெட்டு வேண்டுமென்றால் நான்கைந்து பாடல்களை முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். நாதஸ்வரத்தில் வரிகள் வராதுதான். ஆனால் கேட்பவர்கள் வாய்க்குள் பாடிக்கொள்வார்கள். காதல் தோல்விப் பாட்டு எவ்வளவு இனிமையாக இருந்தாலும் மாலை மாற்றும் நேரத்தில் நெளிய வைத்துவிடும்.

எங்கே உட்கார வைப்பது என்பதில்தான் அதிகம் சொதப்புகிறார்கள். நாதஸ்வரத்தின் ஊதும் முனையில் செருகும் சீவாளி நாணலில் செய்தது. ஈரம் இருந்தால்தான் பேசும். ஏசி காற்று நேராக வீசினால் அது காயும், குளிரில் சுருதியும் இறங்கும். காற்று படாத பக்கமாக இடம் கொடுத்து, கால் மணி நேரம் முன்பே வாசித்துப் பழக விடுங்கள். மூடிய மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கு மைக் தேவையே இல்லை. தவிலுக்கு வைத்தால் முன்வரிசைப் பெரியவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

கெட்டிமேளத்துக்குத் தவில்காரர் வாத்தியாரின் கையைப் பார்த்தாக வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் போட்டோகிராபர், வீடியோக்காரர், செல்போன் தூக்கிய சொந்தக்காரர்கள் என்று மணவறையைச் சுற்றிச் சுவர் எழும்பிவிடும். வாத்தியார் விரலை ஆட்டுவது அதற்குள் மறைந்துபோய், மூன்றாவது முடிச்சுக்குத்தான் மேளம் வரும். எந்தத் தும்மலும் அழுகையும் காதில் விழாமல் மூடத்தானே கெட்டிமேளம்! எனவே வீட்டு ஆள் ஒருவரை இதற்கென்றே மணவறை ஓரத்தில் நிறுத்துங்கள். வாத்தியார் கையைத் தூக்கியதும் அவர் தன் கையைத் தலைக்கு மேல் உயர்த்தினால் போதும்.

ரிசப்ஷனுக்குக் கணக்கே வேறு. அங்கே வருகிறவர்கள் வரிசையில் நிற்கவும் பேசவும் வருகிறார்கள். முதல் ஒன்றரை மணி நேரம் வீணை, புல்லாங்குழல், கீபோர்டு போன்ற வாத்திய இசை. பாட்டுக் கச்சேரி பிறகு. லைட் மியூசிக் குழு என்றால் முப்பது பாடல் கொண்ட பட்டியலை இரண்டு வாரம் முன்பே வாங்கி, வேண்டாததை அடியுங்கள். சவுண்டு சரிபார்ப்பை விருந்தினர் வருமுன் முடித்து, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவரிடம் சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். கத்த வேண்டியிருந்தால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கர்கள் தலைக்கு மேல் உயரத்தில், பந்தி நடக்கும் பக்கம் திரும்பாமல் இருக்கட்டும். ஜெனரேட்டர் லைனில் சவுண்டு மிக்ஸரும் சேர்ந்திருக்கிறதா என்று மண்டபத்து எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள். பல இடங்களில் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டுமே இணைத்திருப்பார்கள்.

பதிவு செய்த பாட்டு போட உரிமம் வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(za) பிரிவு திருமண ஊர்வலத்துக்கும் திருமணத்தை ஒட்டிய சமூகக் கொண்டாட்டங்களுக்கும் விலக்கு தருகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் இதை அறிவிப்பாக வெளியிட்டது. சத்தத்துக்கு அப்படி விலக்கு இல்லை. 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஐந்து மணி முகூர்த்தத்துக்கு வாசலில் குழாய் ஸ்பீக்கர் கட்டினாலும் இதே விதிதான். புல்வெளியில் ரிசப்ஷன் என்றால் கடைசிப் பாட்டை 9:45-க்குத் தொடங்கச் சொல்லுங்கள். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று கேட்க ஒரு சித்தப்பா கட்டாயம் வருவார்.