வலிப்பு வாட்ச் வாங்கும் முன்: அலாரம் அடித்தால் ஓடி வருவது யார்?

கையில் கட்டும் வலிப்பு வாட்ச் பற்றி விசாரிக்கிறவர்கள் முதலில் கேட்பது விலை, அப்புறம் எந்தக் கம்பெனி என்பது. நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு. ராத்திரி இரண்டு மணிக்கு அது அடித்தால் ஐந்து நிமிடத்துக்குள் பக்கத்தில் வந்து நிற்கப்போவது யார்? அந்த ஆளை முடிவு செய்யாமல் எவ்வளவு விலையில் வாங்கினாலும் பயனில்லை. ஏனென்றால் அது வலிப்பை நிறுத்தாது, வரப்போகிறது என்று முன்கூட்டிச் சொல்லாது, வலிப்பு தொடங்கிச் சில விநாடி கழித்துத்தான் ஆளைக் கூப்பிடும். என் தம்பிக்கு வலிப்பு உண்டு. திருவாரூர் பக்கம் கிராமம், வீட்டைச் சுற்றி வயலும் வாய்க்காலும்தான். அப்படிப்பட்ட ஊரில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

வாங்கும் முன் டாக்டரிடம் வலிப்பின் வகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பு விறைத்து, கைகால் வெட்டி வெட்டி இழுக்கிறதே, அந்தப் பெரிய வலிப்பைத்தான் இந்தக் கருவிகள் ஓரளவு நம்பிக்கையாகக் கண்டுபிடிக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடி வெறித்துப் பார்த்து நின்றுவிடும் பிள்ளைக்கு இதைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, கையில் அசைவே இல்லாதபோது அது எதைப் பார்த்து அடிக்கும்? 2021-ல் சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையேதான் சொல்கிறது: பெரிய வலிப்பு வருகிறவர்கள், அதிலும் தனியாகத் தூங்குகிறவர்கள், கூப்பிட்டால் ஐந்து நிமிடத்துக்குள் வர ஆள் உள்ளவர்கள் பயன்படுத்தலாம், மற்ற வகை வலிப்புக்கு இப்போதைக்குப் பரிந்துரை இல்லை. எந்த வகை என்று டாக்டருக்கே சந்தேகமாக இருந்தால், அடுத்த முறை வரும்போது இன்னொருவர் போனில் வீடியோ எடுக்கட்டும், அது பெரிய உதவி.

வேலை செய்யும் விதம் எளிது. மணிக்கட்டின் ஆட்டத்தை ஆக்சிலரோமீட்டர் என்ற சின்ன சென்சார் அளக்கிறது, வலிப்பில் கை ஒரே தாளத்தில் வேகமாக வெட்டும் என்பதால் அந்தத் தாளத்தைத் தேடுகிறது. எம்பாட்டிகா கம்பெனியின் எம்ப்ரேஸ், 2018-ல் அமெரிக்காவில் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி தரும் எஃப்டிஏ அமைப்பின் அனுமதி பெற்றது, இதோடு தோலின் மின்கடத்தும் தன்மை மாறுவதையும் பார்க்கும். நைட்வாட்ச் என்பது தூங்கும்போது மேல்கையில் கட்டுவது, அசைவோடு இதயத்துடிப்பையும் சேர்த்துப் பார்க்கும். இரண்டு அடையாளம் சேர்ந்தால் பொய் அலாரம் குறையும். இவற்றை வாங்க நினைத்தால் நம் ஊரில் சர்வீஸ் உண்டா, மாதச் சந்தா கட்ட வேண்டுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கடையில் விற்கும் சாதாரண ஸ்மார்ட்வாட்சில் 'விழுந்தால் எச்சரிக்கை' இருக்கிறது என்று சொல்லி விற்பார்கள். அது கீழே விழுவதைக் கண்டுபிடிப்பது, படுக்கையில் வரும் வலிப்புக்கு அது அடிக்கும் என்று நம்பாதீர்கள்.

கையில் பணம் குறைவு என்றால் ஓப்பன் சீஷர் டிடெக்டர் என்ற இலவச ஆப் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனும், அதற்குப் பொருந்தும் கார்மின் போன்ற வாட்ச் ஒன்றும் வேண்டும். மருத்துவக் கருவி என்று அனுமதி பெற்றதல்ல, ஆனாலும் ஒன்றுமே இல்லாததற்கு இது மேல் என்பது என் கருத்து.

இனி போன். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். வாட்ச் ப்ளூடூத் வழியாகப் போனுடன் பேசுகிறது, போன்தான் உங்களைக் கூப்பிடுகிறது, அதனால் போன் திண்ணையிலும் ஆள் கொல்லையிலும் இருந்தால் வேலைக்கு ஆகாது. பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று ஆண்ட்ராய்டு இந்த ஆப்பைப் பின்னணியில் மூடிவிடும், செட்டிங்கில் போய் இந்த ஆப்புக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். எஸ்எம்எஸ் அனுப்ப அனுமதி கொடுங்கள். ரீசார்ஜ் தேதி முடிந்த சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போகாது. செய்தி வரப்போகிற அண்ணன், அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோர் போனிலும் சைலன்ட்டில் இருந்தாலும் சத்தம் வரும்படி வைக்க வேண்டும். சார்ஜ் போடுவதைச் சாயங்காலம் எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரத்தில் முடித்துவிடுங்கள், தூங்கும்போது வாட்ச் கையில்தான் இருக்க வேண்டும். புயல் நாளில் கரண்டோடு டவரும் போகும், கஜா வந்த 2018 நவம்பரில் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டே இல்லை. அந்த ராத்திரிகளில் பக்கத்தில் ஒருவர் படுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

எல்லாம் செட் ஆனதும் கையை வேகமாக உதறிச் சோதித்துப் பாருங்கள், யார் எத்தனை நேரத்தில் வந்து சேர்கிறார்கள் என்று கடிகாரம் பார்த்து. பொய் அலாரம் வரத்தான் செய்யும்: பல் தேய்த்தால், துணி துவைத்தால், மேடுபள்ளமான ரோட்டில் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனால். அந்த நேரங்களில் கொஞ்சம் நிறுத்தி வைக்கும் வசதி இருந்தால் பயன்படுத்தலாம். சும்மா சும்மா அடிக்கிறதே என்று ஒரேயடியாக அணைத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் இந்த வாட்சைக் கொஞ்சமும் நம்பக் கூடாது. கை தண்ணீருக்குள் போனால் ப்ளூடூத் அறுந்துவிடும், வலிப்பு வந்தவர் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுவார். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால், ஆடிப்பெருக்கன்று படித்துறையில், குளத்தில், பம்புசெட் தொட்டியில், எங்கே ஆனாலும் நீந்தத் தெரிந்த, விஷயம் தெரிந்த ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். வாய்க்கால் ஓர வரப்பில் தனியாகப் போவதும் அப்படித்தான். வீட்டிலேயே சொம்பில் மொண்டு குளிப்பது நல்லது, கதவைத் தாழ்போடாமல்.

ஓடி வருகிறவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள். வந்ததும் மணி பார்க்க வேண்டும். தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், குப்புறக் கிடந்தால் உடனே திருப்ப வேண்டும், வலிப்பு உள்ளவர்களுக்குத் தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்களில் பெரும்பாலானவர்கள் குப்புறக் கிடந்த நிலையில்தான் காணப்பட்டிருக்கிறார்கள். வாயில் எதையும் திணிக்கக் கூடாது, தண்ணீரும் வேண்டாம். சாவிக்கொத்தைக் கையில் கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை, அது தானாக நிற்கிற நேரத்தில் நிற்கிறது. ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே மறுபடி வந்தாலோ 108. வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடசோலம் ஸ்பிரேயை டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால் அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு நோட்டு. தேதி, நேரம், எத்தனை நிமிடம், முந்தின ராத்திரி தூங்கினாரா, மாத்திரை விட்டுப்போனதா, இவ்வளவு போதும். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்ச ராத்திரி முழித்த மறுநாளும், கோயில் திருவிழாவுக்கு விடிய விடிய உட்கார்ந்த மறுநாளும் தனியாகக் குறியுங்கள், தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும். இரண்டு மாதமாக வாட்ச் அடிக்கவில்லை என்று மாத்திரையைக் குறைத்துவிடாதீர்கள், அதை முடிவு செய்வது டாக்டர். அடுத்த முறை போகும்போது வாட்ச் பதிவையும் இந்த நோட்டையும் சேர்த்தே எடுத்துப் போங்கள்.