பைத்தான் செயலியை ஆண்ட்ராய்டில் ஏற்றுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பைத்தான் நிரலை ஆண்ட்ராய்டு செயலியாகக் கட்டும் பில்டோசர் கருவியை வைத்து முதல் ஏபிகே (போனில் நிறுவும் கோப்பு) கட்டுபவர்கள் அனுப்பும் லாக்குகளை அடிக்கடி பார்க்கிறேன். முன்பு நான் சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். பில்டு அமைப்புகளை எழுதும் ஸ்பெக் கோப்பில் கமா விட்டுப்போவது போன்றவற்றை இங்கே எழுதப் போவதில்லை, எரர் மெசேஜே அதைச் சொல்லிவிடும்.

ஆர்ம் என்று போட்டிருந்தால் போதும் என்று நினைப்பது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு பேக்கேஜில் சி மொழிப் பகுதி இருக்கிறது, அதற்கு ரெசிபி (ஆண்ட்ராய்டுக்கு அதை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் கோப்பு) இல்லை. போனின் ப்ராசசரும் ஆர்ம் 64 தானே என்று லினக்ஸுக்கான ஆர்ம் வீலை (முன்பே கம்பைல் செய்த பேக்கேஜ்) இறக்கி உள்ளே வைத்துவிடுகிறார்கள். பில்டு ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் முடிந்துவிடும், ஏனென்றால் அங்கே எதுவும் கம்பைல் ஆவதில்லை, கோப்பை நகலெடுப்பதோடு சரி. போனில் செயலி திறக்கும், லோகோ வரும், அப்படியே மூடிக்கொள்ளும். போனின் லாக்கைக் காட்டும் லாக்கேட்டில் பார்த்தால் 'லிப்சி.எஸ்ஓ.6 கிடைக்கவில்லை' என்று இருக்கும்.

ப்ராசசர் ஒன்றுதான், சி லைப்ரரி வேறு. அந்த வீல் லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சியை நம்பிக் கட்டப்பட்டது. ஆண்ட்ராய்டில் இருப்பது பயோனிக், அதன் பெயர் வெறும் லிப்சி.எஸ்ஓ. ஒருவர் இதைப் பார்த்துவிட்டு பேட்ச்எல்ஃப் கருவியால் உள்ளே இருக்கும் பெயரை மாற்றினார். அடுத்து '__எர்னோ_லொக்கேஷன்' சிம்பலை (லைப்ரரியில் உள்ள ஃபங்ஷன் பெயர்) காணோம் என்றது. பயோனிக்கில் அதே வேலையைச் செய்வது '__எர்னோ', அதனால் அதற்கும் ஒரு ஒட்டு எழுதினார், அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. எல்லாச் சிம்பலையும் ஒட்டிவிட்டாலும் ஸ்ட்ரக்ட் (தரவுக் கட்டமைப்பு) அளவுகள் இரண்டு லைப்ரரிகளிலும் ஒத்துப்போகாது. அப்போது லைப்ரரிகளை இணைக்கும் லிங்க்கர் வாய் திறக்காது, மெமரிதான் கெடும், எங்கே என்று தேடியே ஓய்ந்துபோவீர்கள். தயவுசெய்து அந்த வழியில் ஓர் அடிகூட வைக்காதீர்கள்.

சந்தேகமாக இருந்தால் ஏபிகேயைப் பிரித்து அந்த .எஸ்ஓ (கம்பைல் ஆன லைப்ரரி) கோப்பின் மேல் 'ரீட்எல்ஃப் -டி' ஓட்டி, 'நீடட்' வரிகளைப் பாருங்கள். லிப்சி.எஸ்ஓ.6 இருந்தால் தூக்கிப் போடுங்கள். பில்டோசர் உள்ளே பயன்படுத்தும் பைத்தான்-ஃபார்-ஆண்ட்ராய்டின் ரெசிபி அடைவில் அந்தப் பேக்கேஜ் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள், இல்லையென்றால் ரெசிபி எழுதி, ஆண்ட்ராய்டுக்கான சி கருவித்தொகுப்பான என்டிகேயிலேயே கம்பைல் செய்யுங்கள். பைத்தான் 3.13 முதல் ஆண்ட்ராய்டு அதிகாரபூர்வ ஆதரவுப் பட்டியலில் இருக்கிறது, ஆண்ட்ராய்டு என்றே குறியிட்ட வீல்களும் வரத் தொடங்கிவிட்டன. கிடைத்தால் அதை எடுக்கலாம்.

பதிப்புகளைப் பூட்டாமல் விடுவது

என்டிகே, பைத்தான்-ஃபார்-ஆண்ட்ராய்டு கமிட், ஒவ்வொரு பேக்கேஜ், மூன்றுக்கும் எண் போடுங்கள். என்டிகே 18இல் ஜிசிசி கம்பைலர் நீக்கப்பட்டபோது அதை நம்பியிருந்த பழைய ரெசிபிகள் எல்லாம் படுத்துக்கொண்டன. அப்படிப்பட்ட மாற்றம் வெளியீட்டு நாளில் வந்து நிற்கக் கூடாது.

ரெசிபியைத் திருத்திவிட்டுப் பழைய பில்டு மேலேயே கட்டுவது

கிளீன் செய்துவிட்டுக் கட்டுங்கள்.

எமுலேட்டரோடு நிறுத்திக்கொள்வது

கூடாது, உண்மையான போனிலும் ஓட்டிப் பாருங்கள்.

16 கேபி பக்க அளவைத் தள்ளிப்போடுவது

ஆண்ட்ராய்டு 15-ஐயும் அதற்கு மேலும் குறிவைக்கும் செயலிகளுக்கு 16 கேபி மெமரிப் பக்கங்களோடு ஒத்துப்போகும்படி .எஸ்ஓ கோப்புகள் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று கூகுள் பிளே 2025 நவம்பர் 1 முதல் கேட்கிறது. என்டிகே 28 இதைத் தானாகவே செய்துவிடும். ஆனால் எப்போதோ கட்டி அடைவில் போட்டு வைத்த .எஸ்ஓ கோப்புகள் தானாக மாறாது, அவற்றையும் மறுபடி கட்ட வேண்டும். பலர் முக்கிய லைப்ரரியை மட்டும் மாற்றிவிட்டு, கூடவே இழுத்துவந்த குட்டி லைப்ரரிகளை மறந்துவிடுகிறார்கள். செயலியை ஏற்றும்போது பிளே கன்சோல் சுட்டிக்காட்டுவது பெரும்பாலும் அவற்றைத்தான்.