மெய்நிகர் குதிரை வளர்ப்பு: மூலக் குதிரைகளைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெய்நிகர் குதிரை வளர்ப்பு விளையாட்டுகளில், பெற்றோர் எவருமின்றி விளையாட்டே உருவாக்கித் தரும் குதிரைகளை மூலக் குதிரைகள் என்று கொள்ளலாம். அவற்றின் வம்சாவளிப் பக்கம் வெறுமையாக இருக்கும். அவை ஒன்றுக்கொன்று உறவில்லாதவை என்றே விளையாட்டின் கணக்கும் எடுத்துக்கொள்ளும். இவற்றை எப்படி மதிப்பிடுகிறோம் என்பதிலேயே பெரும்பாலான தவறுகள் தொடங்கிவிடுகின்றன. வேகம், தாண்டும் திறன், உடலமைப்பு ஆகியவற்றுக்கான புள்ளிகளைப் பார்த்து, அதிகம் பெற்றதை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடுகிறோம். ஆனால் ஒழுங்காக வளர்க்கப்படும் மந்தையில் மூன்றாம் தலைமுறைக் குட்டியே பெரும்பாலும் தன் மூலத் தாயைப் புள்ளிகளில் முந்திவிடும். மந்தையில் வேறெந்தக் குதிரையிடமும் இல்லாத மரபணுக்களைச் சுமந்து வருவதே மூலக் குதிரையின் உண்மையான மதிப்பு. அதை மனத்தில் வைத்துப் பார்த்தால், கீழே சொல்லப்படும் தவறுகள் ஏன் இத்தனை விலை கேட்கின்றன என்பது விளங்கும்.

முதல் தவறு அவசரம். மூலப் பெண் குதிரையிடம் ஒரு குட்டி எடுத்தவுடன், தாயைவிடக் குட்டி சிறப்பாக இருக்கிறது என்று தாயை விற்றுவிடும் பழக்கம் பரவலாக உண்டு. ஒரு குட்டிக்குத் தாயின் மரபணுக்களில் பாதிதான் போய்ச் சேரும். எந்தப் பாதி என்பதைத் தற்செயலே தீர்மானிக்கிறது. எனவே ஒரே குட்டியோடு தாயை அனுப்பிவிட்டால் அதன் மரபணு வளத்தில் பாதி மந்தையை விட்டே போய்விடுகிறது. இரண்டு குட்டிகள் இருந்தால் சராசரியாக நான்கில் மூன்று பங்கும், மூன்று குட்டிகள் இருந்தால் எட்டில் ஏழு பங்கும், ஐந்து குட்டிகள் இருந்தால் 32-இல் 31 பங்கும் மந்தையில் தங்கும். மூன்று குட்டிகளுக்கு மேல் ஒவ்வொரு குட்டியும் சேர்க்கும் லாபம் வேகமாகக் குறைகிறது என்பதையும் இதே கணக்கு காட்டுகிறது. ஆகவே இனப்பெருக்கத்துக்காக வைத்திருக்கும் குட்டிகள் குறைந்தது மூன்று இருக்க வேண்டும் என்பதை அடிப்படை அளவாகக் கொள்வது நல்லது. விற்றுவிட்ட குட்டிகள் இந்தக் கணக்கில் வரமாட்டா.

இரண்டாவது தவறு மிகப் பெரியது. நல்ல மந்தைகள் பலவும் இதில்தான் முடங்கிப்போகின்றன. மிகச் சிறந்த ஓர் ஆண் குதிரை கிடைத்தவுடன் எல்லாப் பெண் குதிரைகளையும் அதனோடு மட்டுமே சேர்ப்பதைத்தான் சொல்கிறேன். முதல் தலைமுறையில் எந்தக் கேடும் தெரியாது. மாறாக, எல்லாக் குட்டிகளும் நன்றாகவே அமையும். அடுத்த சுற்றில் ஜோடி தேடும்போதுதான் மந்தையில் உள்ள ஒவ்வொரு குட்டியும் மற்றதற்கு ஒரே தந்தையின் பிள்ளை என்பது உறைக்கும். தந்தை மட்டும் பொதுவாக உள்ள இரண்டைச் சேர்த்தால் குட்டியின் உறவுக் கலப்பு, அதாவது ஒரே மூதாதையின் அதே மரபணு தாய்வழியிலும் தந்தைவழியிலும் வந்து சேரும் வாய்ப்பு, 12.5 சதவீதம். தாயும் தந்தையும் பொதுவான உடன்பிறப்புகளைச் சேர்த்தாலும், தந்தையை மகளோடு சேர்த்தாலும் 25 சதவீதம். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் போன்ற உறவில் சேர்த்தால் 6.25 சதவீதம். பல விளையாட்டுகள் இந்த எண்ணை நேரடியாகவே காட்டுகின்றன. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் புள்ளிகளைக் குறைப்பதும், நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவதும், கருத்தரிப்பைத் தடுப்பதும் விளையாட்டுக்கு விளையாட்டு மாறுபடும்.

கால்நடை மரபியலில் இதற்கு ஒரு சூத்திரம் உண்டு. ஆண்களின் எண்ணிக்கையையும் பெண்களின் எண்ணிக்கையையும் பெருக்கி, அதை மீண்டும் நான்கால் பெருக்கி, மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் வருவது மந்தையின் செயல்படு அளவு, அதாவது மரபணு வளத்தைக் காப்பதில் மந்தை எத்தனை குதிரைகளுக்குச் சமம் என்பது. ஓர் ஆணும் 20 பெண்களுமாக 21 குதிரைகள் உள்ள லாயத்தின் செயல்படு அளவு நான்கைக்கூட எட்டாது, 3.8 தான் வரும். அதே 21 குதிரைகளை 5 ஆண்கள், 16 பெண்கள் என்று மாற்றி வைத்தால் அது 15.2 ஆகிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் உறவுக் கலப்பு ஏறும் வேகம் முதல் லாயத்தில் ஏறத்தாழ 13 சதவீதம், இரண்டாவதில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். தீவனச் செலவும் கொட்டில் செலவும் இரண்டுக்கும் ஒன்றே என்னும்போது, கூடுதலாக நான்கு ஆண் குதிரைகளை வைத்திருக்கத் தயங்குவதற்குக் காரணமே இல்லை.

மெய்யான குதிரை வளர்ப்பிலும் இந்தப் பாடம் கசப்பாகவே கற்கப்பட்டது. 1969-இல் பிறந்த இம்ப்ரெசிவ் என்ற, அமெரிக்கன் குவார்ட்டர் ஹார்ஸ் இனத்து ஆண் குதிரையின் தசைக்கட்டும் தோற்றமும் கண்காட்சிகளில் பெரும் வெற்றி பெற்றன. அதன் வாரிசுகள் ஆயிரக்கணக்கில் பெருகின. தசை நடுக்கத்தையும் தளர்ச்சியையும் உண்டாக்கும் எச்.ஒய்.பி.பி. என்ற மரபு நோய் அந்த வழியில்தான் பரவியது என்பது பிறகே தெரியவந்தது. ஒரே ஆணிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்கும்போது, அதன் சிறப்போடு அதன் குறையும் மந்தை முழுவதற்கும் சொந்தமாகிவிடுகிறது.

எத்தனை மூலக் குதிரைகள் வேண்டும் என்று திட்டமிடாமல் தொடங்குவதும் இதனோடு சேர்ந்த தவறுதான். மூலக் குதிரைகளின் குட்டிகளை முதல் தலைமுறையாகக் கொண்டால் கணக்கு எளியது. உறவுக் கலப்பே இல்லாத மூன்றாம் தலைமுறைக் குட்டி ஒன்று வேண்டுமென்றால், அதற்குப் பின்னால் 8 வெவ்வேறு மூலக் குதிரைகள் இருக்க வேண்டும். நான்காம் தலைமுறைக்கு 16. ஐந்தாம் தலைமுறைக்கு 32. எனவே எட்டுக் குதிரைகளுடன் தொடங்கியவர் நான்காம் தலைமுறையில் எங்காவது ஓரிடத்தில் உறவைச் சேர்த்தே ஆக வேண்டும். அது அவருடைய கவனக்குறைவால் நேர்வதன்று, தொடக்கத்திலேயே முடிவாகிவிட்ட ஒன்று. 32 குதிரைகளை வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்கள் மந்தையை நான்கு வம்ச வழிகளாகப் பிரித்து, மகன்களை அந்தந்த வழியிலேயே தந்தையின் இடத்துக்குத் தேர்ந்து, மகள்களை மட்டும் ஒவ்வொரு தலைமுறையிலும் அடுத்த வழிக்கு மாற்றும் சுழற்சி முறையைப் பின்பற்றலாம். உறவை அது முற்றிலும் தடுக்காது. ஆனால் எப்போது, எவ்வளவு சேரும் என்பதை நம் கையில் வைத்திருக்கும்.

பிறகு புது இரத்தம் சேர்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுபவர்களும் உண்டு. ஆறாம் தலைமுறையில் உறவு முற்றிப்போன பின் புதிய மூலக் குதிரை ஒன்றைக் கொண்டுவந்தால், ஆறு தலைமுறைத் தேர்வில் சேர்ந்த புள்ளிகளில் ஏறத்தாழப் பாதி ஒரே கலப்பில் இறங்கிவிடும். இழந்த தரத்தை மீட்க மறுபடியும் பழைய வழியிலேயே இரண்டு மூன்று முறை கலக்க வேண்டியிருக்கும். அதற்குள் புதியதன் பங்கு பாதியாகி, கால்வாசியாகி, எட்டில் ஒன்றாகத் தேய்ந்துவிடும். எந்த நோக்கத்துக்காக அதைக் கொண்டுவந்தோமோ அந்த நோக்கமே கரைந்துபோகிறது. முதல் நாளிலிருந்தே இரண்டாவது குழு ஒன்றைத் தனியாக வளர்த்து, அதையும் தலைமுறைதோறும் தேர்ந்து தரத்தில் உயர்த்திக்கொண்டு வருவதே இதற்கு மாற்று. பொறுமை கேட்கும் வேலைதான். ஆயினும் நீண்ட காலம் விளையாட விரும்புவோருக்கு இதைவிடப் பயனுள்ள முதலீடு வேறில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

நிறத்தின் பின்னால் ஓடுவது இன்னொரு தவறு. அரிய நிறமுள்ள மூலக் குதிரை கண்ணைப் பறிப்பது இயல்பு. நிறத்தை விரும்புவதில் பிழையும் இல்லை. ஆனால் நிறத்தின் மரபியலை அறியாமல் அதற்காக மந்தையைச் செலவிடுவது வீண். செஸ்ட்நட் எனப்படும் செம்பழுப்பு நிறத்தோடு, நிறத்தை வெளிறச் செய்யும் கிரீம் மரபணு ஒன்று சேர்ந்தால் பொன்னிறப் பாலோமினோ, இரண்டு சேர்ந்தால் வெளிர் பாலேட்டு நிறக் கிரெமெல்லோ. இரண்டு பாலோமினோக்களைச் சேர்த்தால் பாதிக் குட்டிகளே பாலோமினோவாக வரும். கிரெமெல்லோவையும் செஸ்ட்நட்டையும் சேர்த்தால் எல்லாக் குட்டிகளும் பாலோமினோவாக வரும். கிரே நிறத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஒரே ஒரு கிரே மரபணு இருந்தாலே வயது ஏற ஏற அடியில் உள்ள நிறம் மறைந்துவிடும் என்பதால், அப்படிப்பட்ட மூலக் குதிரை என்ன நிறத்தைச் சுமக்கிறது என்பது பரிசோதிக்காமல் தெரியாது. அழகைத் தாண்டி உயிருக்கே ஆபத்தானது ஃபிரேம் எனப்படும் வெண்திட்டு மரபணு. ஒன்று மட்டும் இருந்தால் குதிரைக்கு அதனால் தீங்கில்லை. இரண்டையும் பெற்ற குட்டி மெய்யுலகில் பிறந்த சில நாட்களுக்குள் இறந்துவிடும். ஃபிரேம் உள்ள இரண்டைச் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் அதற்கு 25 சதவீத வாய்ப்பு. சில குதிரைகளில் இந்தத் திட்டு கண்ணுக்கே தெரியாத அளவு சிறிதாக இருக்கும். ஆகையால் இம்மரபணுவைக் கணக்கில் கொள்ளும் விளையாட்டுகளில், மூலக் குதிரை வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் செலவு மரபணுப் பரிசோதனைதான்.

பரிசோதனை வசதி இல்லாத விளையாட்டில் ஒடுங்கு மரபணுவை, அதாவது இரண்டு சேர்ந்தால் மட்டுமே வெளிப்படும் மரபணுவை, கண்டறிய ஒரு வழி இருக்கிறது. அந்தப் பண்பை வெளிப்படையாகக் கொண்ட குதிரையோடு சந்தேகத்துக்குரியதைச் சேர்த்துப் பார்க்கலாம். அது மறைவாகச் சுமப்பதாக இருந்தால் ஒவ்வொரு குட்டியிலும் வெளிப்பட 50 சதவீத வாய்ப்பு உண்டு. ஐந்து குட்டிகளிலும் வெளிப்படவில்லையென்றால், சுமக்கும் குதிரை ஒன்று அப்படித் தப்பியிருக்க 32-இல் ஒரு வாய்ப்புதான்.

முதல் குட்டியை வைத்தே தாயைத் தீர்ப்பிடுவதும் தவறு. ஒரே பெற்றோருக்குப் பிறந்த குட்டிகளுக்கிடையில் பெரிய வேறுபாடு இருப்பது இயற்கை. உறவுக் கலப்பில்லாத மந்தையில் காணப்படும் மரபு வேறுபாட்டில் பாதி உடன்பிறப்புகளுக்கு இடையிலேயே இருக்கிறது. ஒரு குட்டி சோடை போனதால் தாயை ஒதுக்குவது, ஒரே தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கிய மாணவனைப் பள்ளியை விட்டே அனுப்புவதற்கு ஒப்பாகும். வெவ்வேறு ஆண்களோடு குறைந்தது மூன்று குட்டிகளைப் பார்த்த பிறகே தாயின் தரத்தைப் பேச முடியும். ஆண் குட்டிகளை உடனுக்குடன் காயடித்துவிடுவதையும் இங்கேயே சொல்லிவிடலாம்: ஒரு மூல வழியின் கடைசி ஆண் அதுதானா என்று பாராமல் எடுக்கும் அந்த முடிவைத் திரும்பப் பெற முடியாது.

பதிவேடு இல்லாமை சிறியதாகத் தோன்றும் தவறு. பல விளையாட்டுகள் சில தலைமுறைகளின் வம்சாவளியை மட்டுமே திரையில் காட்டும். அதற்கு அப்பால் உள்ள மூலக் குதிரை கண்ணுக்கு மறைந்தாலும் மரபணுவில் இருந்துகொண்டேதான் இருக்கும். பிறரிடமிருந்து குதிரை வாங்கும்போது இது இன்னும் சிக்கலாகிறது. புகழ்பெற்ற ஒரே பொலிக்குதிரையின் வாரிசுகள் பல லாயங்களிலும் பரவியிருப்பதால், முற்றிலும் அந்நியமாகத் தோன்றும் இரண்டு குதிரைகள் ஐந்தாம் தலைமுறையில் ஒரே மூதாதையிடம் போய்ச் சேரலாம். இன்றைய தரோபிரெட் என்ற பந்தய இனக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை ஆண்வழியில் டார்லி அரேபியன் என்ற ஒரே குதிரையிடம் சென்று சேர்வது இப்படித்தான். ஒரு விரிதாளில் ஒவ்வொரு குதிரைக்கும் எதிரே அதன் மூலக் குதிரைகளையும், ஒவ்வொன்றின் பங்கு எத்தனை சதவீதம் என்பதையும் எழுதி வைத்தால் போதும். எந்த மூலக் குதிரையின் பங்கு மந்தையில் மிகுந்திருக்கிறது, எது அழியும் நிலையில் இருக்கிறது என்பவை ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

எல்லா மூலக் குதிரைகளையும் என்றென்றைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. அளவுக்கு மீறி வாங்கிக் குவித்து, பராமரிப்புச் செலவிலேயே பணம் முழுவதையும் இழப்பதும் தவறுதான். ஒரு மூலக் குதிரையை அனுப்பலாமா என்று முடிவு செய்யுமுன், அதன் பிள்ளைகளில் குறைந்தது மூன்று இனப்பெருக்கத்தில் இருக்கின்றனவா, அவை வெவ்வேறு ஜோடிகளிடம் பிறந்தவையா, அவற்றுள் ஆணும் பெண்ணும் உண்டா, அது சுமக்கும் அரிய மரபணு எதுவாயினும் ஒரு வாரிசிடமாவது உறுதியாகச் சேர்ந்திருக்கிறதா என்று விரிதாளில் சரிபார்க்க வேண்டும். நான்குக்கும் ஆம் என்ற பதில் கிடைத்தால் தயக்கமின்றி விற்கலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும், அதன் இனப்பெருக்க வயது முடிவதற்குள் அந்தக் குறையைத் தீர்க்கும் ஜோடியை அடுத்த சுற்றிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.