ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்: வெற்றிப் புத்தகங்களைப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெற்றி, முடிவெடுத்தல் பற்றிய உளவியல் புத்தகங்கள் இப்போது தமிழிலும் நிறையக் கிடைக்கின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஒரே ஒரு வரி. அந்த வரிக்குப் பின்னால் உள்ள ஆய்வில் யாரைச் சோதித்தார்கள், எத்தனை பேரை, பிறகு வேறு யாராவது செய்து பார்த்தார்களா என்பதெல்லாம் வழியிலேயே கழன்றுவிடுகிறது. மிஞ்சிய வரியை வைத்துக்கொண்டு நம்மையும் நம் பிள்ளைகளையும் எடைபோட ஆரம்பித்துவிடுகிறோம். எனக்குக் கவலை தருவது இதுதான்.

பிள்ளைகள் விஷயத்தில் நடக்கும் தவற்றை முதலில் சொல்கிறேன். மார்ஷ்மெல்லோ சோதனை பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1960களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் உளவியலாளர் வால்டர் மிஷல் தொடங்கியது. குழந்தையின் முன்னால் ஒரு மிட்டாய். ‘நான் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் இருந்தால் இரண்டு தருவேன்’ என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போய்விடுவார். அதிக நேரம் பொறுத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வில் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள் என்று 1990இல் ஒரு கட்டுரை வந்தது. அவ்வளவுதான், ‘பொறுமை உள்ள குழந்தைதான் ஜெயிக்கும்’ என்பது பாடமாகிவிட்டது. இன்று வீட்டிலேயே சாக்லேட்டை வைத்து வீடியோ எடுத்துப் பார்க்கும் பெற்றோர் இருக்கிறார்கள். எடுத்துத் தின்றுவிட்ட குழந்தைக்கு ‘இவனுக்குக் கட்டுப்பாடே இல்லை’ என்று நாலு வயதிலேயே பெயர் விழுந்துவிடுகிறது.

மிஷல் சோதித்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வாழ்ந்த படித்த குடும்பத்துப் பிள்ளைகள். 2018இல் டைலர் வாட்ஸும் உடன் ஆய்வாளர்களும் பலதரப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த 900க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தகவல்களை அலசியபோது, பொறுமைக்கும் பின்னாளைய படிப்புக்கும் உள்ள தொடர்பு முன்பு சொன்னதில் பாதி அளவுதான் இருந்தது. குடும்பச் சூழலையும் குழந்தையின் ஆரம்பகால அறிவுத்திறனையும் கணக்கில் சேர்த்ததும் அதிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது.

இன்னொரு சோதனை இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவர் 28 குழந்தைகளை வைத்துச் செய்தது. மிட்டாய்க்கு முன்னால் ஒரு படம் வரையும் வேலை. பழைய கிரேயான்களைக் கொடுத்து, ‘கொஞ்சம் பொறு, இதைவிட நல்லது கொண்டு வருகிறேன்’ என்றார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் வெறுங்கையோடு வந்து, ‘இல்லையாம், மன்னித்துக்கொள்’ என்றார்கள். ஸ்டிக்கரிலும் இதே கதை. அப்புறம்தான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள்; ஏமாற்றப்பட்டவர்கள் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்குக் குழந்தையின் மன உறுதியைக் குறை சொல்வதில் நியாயமே இல்லை. சொன்னதைச் செய்யாதவரிடம் எதற்காகக் காத்திருக்க வேண்டும்?

அடுத்தது, ஓர் எண்ணைச் சட்டமாக்கிவிடுவது. பத்தாயிரம் மணி நேரம் பயிற்சி செய்தால் எதிலும் நிபுணராகலாம் என்பது 2008இல் மால்கம் கிளாட்வெல் எழுதிய புத்தகத்தால் பரவியது. அதற்கு அடிப்படையான ஆய்வுகளில் முக்கியமானது, உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் பெர்லின் இசைக் கல்லூரி வயலின் மாணவர்களிடம் செய்து 1993இல் வெளியிட்டது. பத்தாயிரம் என்பது அங்கே சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் செய்திருந்த பயிற்சியின் சராசரி. அதை எட்டாதவர்களும் அந்தக் குழுவிலேயே இருந்தார்கள். மணிக் கணக்கைவிட, குருவின் மேற்பார்வையில் குறையைக் கண்டுபிடித்துத் திருத்தும் பயிற்சியைத்தான் எரிக்சன் வலியுறுத்தினார். தன் ஆய்வு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று அவரே எழுதினார். ஒரு வர்ணத்தைத் தப்போடு ஆயிரம் தடவை வாசித்தால் தப்புதான் விரலில் ஏறும்.

ஜெயித்தவர்களை மட்டும் பார்த்துப் பாடம் படிப்பதும் அப்படித்தான். ஜிம் காலின்ஸ் 2001இல் எழுதிய புத்தகம் பதினொரு நிறுவனங்களைச் சிறந்தவை என்று கொண்டாடியது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு நிறுவனங்களையும் அவர் எடுத்துக்கொண்டார், சரி. ஆனாலும் அந்தப் பதினொன்றில் ஒன்றான சர்க்யூட் சிட்டி என்ற மின்னணுப் பொருள் கடை நிறுவனம் 2008இல் திவாலானது. இன்னொன்றான ஃபேனி மே என்ற அமெரிக்க வீட்டுக்கடன் நிறுவனம் அதே ஆண்டு அரசின் கட்டுப்பாட்டுக்குள் போனது.

இதையெல்லாம் படித்துவிட்டு ‘எல்லாமே பொய்’ என்று ஒதுக்குவதும் தவறு. உளவியலாளர் டேனியல் கானமன் 2011இல் எழுதிய புத்தகத்தில், கண்ணில் பட்ட ஒரு சொல்லே நம்மை அறியாமல் நம் நடத்தையை மாற்றும் என்ற ஆய்வுகளை நம்பியே ஆக வேண்டும் என்றார். அவற்றில் பல பிறகு ஆட்டம் கண்டன. சிறிய ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டேன் என்று 2017இல் அவரே ஒப்புக்கொண்டார். அதற்காக, லாபத்தின் மகிழ்ச்சியைவிட நஷ்டத்தின் வலி பெரிது என்று அவரும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் சொன்னது வீணாகிவிடவில்லை. போட்ட பணம் வீணாகிறதே என்று ஓடாத கடையை இழுத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

உடனே செய்து பார்க்க ஒரு வழி வேண்டுமென்றால், உளவியலாளர் கேரி கிளைன் சொன்ன முறையைச் சொல்வேன். கடை வைக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து, ‘ஒரு வருடம் கழித்துக் கடையை மூடிவிட்டோம். ஏன்?’ என்று கேளுங்கள். மூடிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு ஆளுக்கொரு தாளில் காரணம் எழுதட்டும். ‘தப்பு நடக்குமா?’ என்று கேட்டால் வாய் திறக்காதவர்கூட ‘வண்டி நிறுத்த இடமில்லை’, ‘மச்சான் பாதியில் விலகிவிட்டார்’ என்று எழுதிவிடுவார். எழுதி முடிக்கும்வரை பெரியவர்கள் பேசக் கூடாது. வாசிக்கும்போதும் வயதில் சின்னவரிடமிருந்து ஆரம்பியுங்கள். அப்பா முதலில் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் மாற்றிச் சொல்ல மாட்டார்கள்.